பழைய கண்ணைப் பார்த்து வரைந்தது

மகளின் மழைக்கோட்டைக் காயப்போடலாம் என்று எடுத்து உதறியபோது, பையிலிருந்து ஒரு கண் தெறித்து விழுந்து, தரையில் சறுக்கிக்கொண்டே போய் நாற்காலிக் காலருகே நின்று கண்ணக்காவைப் பார்த்தது.

வேறு வீடாக இருந்தால் அலறல் கேட்டிருக்கும். கண்ணக்கா சட்டைப் பொத்தான் விழுந்தது போலக் குனிந்து எடுத்தாள், ஜன்னலருகே கொண்டுபோய்க் கீறல் விழுந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செயற்கைக் கண் என்றால் கோலிக்குண்டு மாதிரி முழு உருண்டை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. சிப்பி ஓடு மாதிரி வளைந்த ஒரு தகடு, அவ்வளவுதான். இதைச் செய்தது அவள்தான். அந்த வட்டாரத்தில் விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்கள் விசாரித்துக்கொண்டு வந்து படியேறுவது அவள் வீட்டு மாடிக்குத்தான். கண் செய்கிறவள், ஆகவே கண்ணக்கா. கடைத்தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரது என்பார்கள்.

கீறல் இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. கண் கோட்டுப் பையில் கிடக்கிறதென்றால் நேற்று மகள் அது இல்லாமல் தெருவில் நடந்து வந்திருக்கிறாள். மழையில் நனைந்து, தலையைக் குனிந்தபடியே வந்து, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டது இதற்குத்தானா. கண்ணக்கா கோட்டை அப்படியே நாற்காலியில் போட்டாள். அவள் மகள் வலது கண் வளராமலே பிறந்தவள். பார்த்த நாளிலேயே அப்பன்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச காலத்தில் ஆளே வேறு ஊருக்குப் போய் வேறு குடும்பம் கட்டிக்கொண்டான். பொம்மைத் தொழிற்சாலையில் பொம்மைகளுக்கு முகம் வரைந்துகொண்டிருந்தவள், மகளுக்காகவே இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். குழந்தை வளர வளர முகம் பெரிதாகும், கண்ணும் பெரிதாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் தன் கையாலேயே செய்து மாட்டி, மேலே ஒரு தடித்த சட்டக் கண்ணாடியும் போட்டுவிட்டு, ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் வளர்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரியும். இதைச் சொல்லும்போது கண்ணக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பரிசு வாங்கியவள் மாதிரி இருக்கும்.

இப்போது அந்த மகளுக்கு வேறு ஊரில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருக்கிறது. மாசக் கடைசியில் கிளம்புகிறாள். முகம் இனி வளராது. ஆகவே போவதற்குள் ஒரு கடைசிக் கண், நன்றாக, ஆற அமரச் செய்துகொடுத்துவிட வேண்டும் என்பது கண்ணக்காவின் திட்டம். வகுப்பறை நிறையச் சின்னப் பிள்ளைகள். சின்னப் பிள்ளைகள் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். குழிக்கு அளவெடுத்து, மெழுகில் வார்த்து, வெள்ளைத் தகடு வரைக்கும் தயாராகிவிட்டது. கருவிழி வரைய வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கருவிழி எங்கே வர வேண்டும் என்று தகட்டை மாட்டிக் குறித்துக்கொள்ள மகளை உட்கார்த்தி வைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. இன்றைக்குத் தலைவலி, நாளைக்கு வேலை, மறுநாள் தோழி வீடு.

மகள் அறையை விட்டு வெளியே வந்தாள், வலது கண்ணைக் கையால் பொத்தியபடி. அம்மாவின் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"தொலைஞ்சு போச்சோன்னு பயந்துட்டேன்."

"பயப்படுறவ பையில போட்டுக்கிட்டுத் திரிவாளா? எங்கடி கழட்டின?"

"சைக்கிள் கடையில."

"சைக்கிள் கடையில கண்ணுக்கு என்ன வேலை?"

மகள் கண்ணை வாங்கி, குழாயடியில் கழுவி, திரும்பி நின்று மாட்டிக்கொண்டாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சைக்கிள் கடைக்குப் பின்னாலுள்ள அறையில் வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் சில பேர் கூடுகிறார்கள். மேற்கே பழைய காலத்தில் இருந்த ஞானிகள், நாஸ்டிக்குகள் என்று ஆதிகாலக் கிறிஸ்தவர்களில் ஒரு கூட்டத்தார், ரசவாதிகள், மடத்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த பெண்கள், இப்படிப்பட்டவர்கள் சொல்லிவிட்டுப் போனதையெல்லாம் ஆளுக்கொரு வாரம் எடுத்துச் சொல்வார்கள். நேற்று ஒரு செருப்புத் தைக்கிறவரின் கதை. ஈயத் தட்டில் பட்ட வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எல்லாப் பொருளின் உள்ளும் ஒரே நொடியில் திறந்து தெரிந்ததாம்.

"அதுக்கு நீ ஏன் கண்ணைக் கழட்டணும்? அதை வச்சிருந்தா ஞானம் உள்ள வராதா?"

"அவங்க யாரும் கழட்டச் சொல்லலை. எனக்கே தோணுச்சு."

"என்ன தோணுச்சு?"

"அடுத்த வியாழன் நான்தான் சொல்றேன். வந்து கேளு." அவ்வளவுதான், குளிக்கப் போய்விட்டாள்.

கண்ணக்காவுக்கு அன்று வேலை ஓடவில்லை. மெருகேற்ற வைத்திருந்த ஒரு கிழவரின் கண்ணை ஓரமாக வைத்துவிட்டு, செல்போனில் அந்த நாஸ்டிக்குகளைத் தேடிப் படித்தாள். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. இந்த உலகத்தைப் படைத்தவன் உண்மையான கடவுள் கிடையாதாம். கீழ்நிலையில் இருக்கிற ஒருத்தன், தனக்கு மேலே ஆள் இருப்பது தெரியாமல், நானே எல்லாம் என்று இறுமாந்து, அரைகுறையாகச் செய்துவைத்த வேலையாம் இது. உடம்பு அவன் செய்த கூடு. அந்தக் கூட்டுக்குள்ளே எங்கிருந்தோ வந்து மாட்டிக்கொண்ட ஒளித்துளிதான் நாம். அதை உள்ளுக்குள் தெரிந்துகொள்வதுதான் விடுதலை. சரிதான், புத்தி இப்படித்தான் கெட்டிருக்கிறது என்று அவள் தீர்மானித்தாள். கூடு மட்டம் என்று சொல்லிக்கொடுத்தால், அந்தக் கூட்டில் அம்மா பொருத்திவிட்ட கண்ணும் மட்டமாகத்தானே தெரியும். வேலை செய்து பார்க்காதவர்கள்தான் செய்தவனைக் குறை சொல்வார்கள். ஒரு வெள்ளைவிழியில் நரம்பு ஓடவிட வேண்டுமென்றால் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, பிரித்து, மூச்சுப் பட்டால் பறக்கிற அளவுக்கு மெலிதாக்கி ஒட்ட வேண்டும். அந்தப் படைத்தவன் எத்தனை கோடி கண்ணுக்கு நரம்பு ஓடவிட்டிருப்பான். பாவம் என்று அவனுக்காகப் பரிந்துகொண்டாள்.

ஆனால் கோபத்தோடு கோபமாக ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வந்தது. பாத்திரம் துலக்கும்போதும் அது இருந்தது, படுக்கும்போதும் இருந்தது. செய்கிறவன் எவனும் எதையாவது பார்த்துத்தான் செய்வான். அவளுக்கு எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும், நல்ல கண்ணைப் பார்த்து இன்னொரு கண்ணை வரைவாள். பொம்மைத் தொழிற்சாலையில்கூட மாதிரிப் பொம்மை ஒன்று மேஜை மேலே இருக்கும். அப்படியென்றால் இவன் எதைப் பார்த்துச் செய்தான்? அதைச் செல்போனில் தேடத் தெரியவில்லை. மகளிடம் கேட்கலாம், ஆனால் கேட்டால் இதில் அக்கறை வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வாள். வியாழக்கிழமை வரட்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

சைக்கிள் கடையின் பின்னறை அவள் நினைத்த மாதிரி ஊதுவத்தியும் மெழுகுவத்தியுமாக இல்லை. ஆணியில் டயர்கள் தொங்கின, கிரீஸ் வாசம் அடித்தது. மடக்கு நாற்காலிகளில் ஒரு நர்ஸ் சீருடையோடு இருந்தாள், ஒரு டாக்சி டிரைவர் இருந்தார், வேறு இரண்டு மூன்று பேர். சைக்கிள் கடைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்கக்கா. உக்காருங்க. இங்க ஒரே ஒரு சட்டம்தான். கதையை வாயால சொல்லணும், புத்தகத்தைப் பாத்துப் படிக்கக் கூடாது. கேக்குறவங்க கேள்வி மட்டும்தான் கேக்கலாம். இதுக்கு இதுதான் அர்த்தம்னு யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லக் கூடாது."

"சொன்னா?"

"சொன்னவங்க எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும். நம்ம டிரைவர்தான் அதிகமா வாங்கித் தந்திருக்காரு."

கண்ணக்கா கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் எதிரே இருந்த ஸ்டூலில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, எல்லார் முன்னாலும், கடிகாரத்தைக் கழற்றுகிற மாதிரி, கண்ணையும் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நர்ஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணக்காதான் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தரையில் ஒரு சைக்கிள் செயினின் துண்டு கிடந்தது. கதை முழுவதையும் அவள் அந்தத் துண்டைப் பார்த்தபடியேதான் கேட்டாள்.

மகளுக்குக் கதை சொல்லத் தெரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது. ஆதியில் ஒளி மட்டும் இருந்தது என்று ஆரம்பித்தாள். அந்த ஒளியிலிருந்து ஜோடி ஜோடியாக ஒளிப்பிறவிகள் வந்தார்கள். எல்லாருக்கும் கடைசியாக வந்தவள் ஒருத்தி, ஞானம் என்பதே அவள் பெயர். அவளுக்கு ஓர் ஆசை, துணையில்லாமல், யாரையும் கேட்காமல், தான் ஒருத்தியாகவே ஒரு பிள்ளை பெற வேண்டும். பெற்றாள். பிள்ளை அவள் சாயலில் இல்லை. முகம் ஒரு விதம், உடம்பு ஒரு விதமாக இருந்தது. பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு பதறியது. மற்றவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அதைத் தூரமாகக் கொண்டுபோய் ஒரு மேகத்தைச் சுற்றி மறைத்து வைத்தாள். மேகத்துக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்கு வெளியே யாரும் இருப்பதே தெரியாது. தான் மட்டும்தான் இருக்கிறோம் என்று நினைத்தது. தனியாக இருந்த பிள்ளை விளையாட்டு மாதிரி உலகத்தைச் செய்ய ஆரம்பித்தது.

சொல்லி முடித்தாள். நர்ஸ் கேட்டாள், "அந்த அம்மா அதைக் கொல்லலையே, ஏன் மறைச்சு வச்சா? பாசமா, வெட்கமா?"

"ரெண்டும்னு நினைக்கிறேன்," என்றாள் மகள். "ரெண்டையும் பிரிச்சுப் பாக்க அவளுக்குத் தெரியலை."

கண்ணக்காவுக்குக் காது சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி இத்தனை நாளாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்ததே, அது விடவில்லை. "நான் ஒண்ணு கேக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டாள். சைக்கிள் கடைக்காரர் தலையாட்டினார். "அந்தப் பிள்ளை எதைப் பாத்து இதையெல்லாம் செஞ்சுது?"

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மாகிட்ட இருந்து வந்த ஞாபகம் கொஞ்சம் அதுக்குள்ள இருந்துச்சு. ஒளி உலகத்தோட நிழல் மாதிரி. அந்த நிழலைப் பாத்துத்தான் செஞ்சுது. நிஜத்தை நேராப் பாத்ததே இல்லை."

"அதான் சரியா வரலையா?"

"அதான் சரியா வரலை."

"அப்புறம் அந்த அம்மா என்ன ஆனா?"

"அழுதா. தான் செஞ்சது என்னன்னு அவளுக்கே ஒருநாள் தெரிஞ்சுபோச்சு. இந்த நாஸ்டிக்குங்க ஞானம்னு சொல்றது அதைத்தான். படிச்சு வர்றது இல்லையாம், இன்னொருத்தர் சொல்லி வர்றதும் இல்லையாம். உள்ளுக்குள்ள தானாத் தெரிஞ்சுபோறது."

டாக்சி டிரைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், டீ ஞாபகம் வந்தது போலும், மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. மகள் கண்ணை மாட்டிக்கொள்ளவில்லை. காய்கறி வண்டிக்காரர் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், பிறகு தக்காளியை அடுக்கப் போய்விட்டார். கண்ணக்கா வழக்கமாக மகளின் வலது பக்கமாகத்தான் நடப்பாள், மறைத்தாற்போல. அன்றும் கால் தானாக அந்தப் பக்கம் போனது.

"கதையை எனக்காகத்தான் சொன்னியா?" என்று கேட்டாள். "நான் உன்னை மறைச்சு வச்சேன்னு ஊருக்குச் சொல்லணுமா? நான் ஒருத்தியா நின்னு உன்னை வளர்த்தது தப்பாப் போச்சா?"

"தப்புன்னு சொன்னேனா?"

"அப்ப அந்தக் கண்ணு என்ன பண்ணுச்சு உன்னை? உடம்பே வேண்டாம்னு சொல்றவங்க பேச்சைக் கேட்டு..."

"அம்மா, நில்லு." மகள் நின்றுவிட்டாள். கைக்குட்டையைப் பிரித்து, கண்ணை எடுத்துத் தன் இடது கன்னத்தோடு, நல்ல கண்ணுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். "பாரு. ரெண்டையும் சேத்துப் பாரு."

தெருவிளக்கு வெளிச்சத்தில் நிறம் சொல்ல முடியாது என்பது கண்ணக்காவுக்குத் தெரியும். ஆனாலும் தெரிந்தது. கையிலிருந்தது தேன் நிறம், இளசு. மேலே இருந்தது அதைவிட எவ்வளவோ கறுத்த, ஓரம் தடித்த, பெரிய பெண்ணின் கண்.

"பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடத்துல ஒரு பொடிசு கேட்டுச்சு, டீச்சர் உங்களுக்கு ஏன் ரெண்டு கலர்ல கண்ணுன்னு. அன்னிக்குத்தான் கண்ணாடியில கிட்டப் போய்ப் பாத்தேன். இது நாலு வயசுக் கண்ணும்மா. நீ என்னைப் பாத்து வரையறதே இல்லை. ஒவ்வொரு தடவையும் பழசை எதிர்ல வச்சுக்கிட்டு, அதைப் பாத்துப் புதுசு வரையற. ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் மணிக்கணக்கா உக்கார வச்சுப் பாக்குற. என் மூஞ்சியில மட்டும் ஒரு சின்னப் பிள்ளை உக்காந்துக்கிட்டு இன்னும் முழிச்சுப் பாத்துக்கிட்டிருக்கு."

கண்ணக்கா பதில் தேடினாள். சின்ன வயசில் நீ ஆடாமல் உட்கார மாட்டாய், அதனால் பழசை வைத்து வரைந்தேன் என்று சொல்ல வாய் எடுத்தாள். அது உண்மைதான். ஆனால் ஆடாமல் உட்காருகிற வயசு வந்த பிறகு? அதற்கும் பதில் இருந்தது, அது தெருவில் நின்று சொல்லக்கூடியதாக இல்லை. யாருடைய வெற்றுக் குழியையும் முகம் சுளிக்காமல் பார்ப்பவள், மகளுடையதை மட்டும் அளவெடுக்கிற நேரத்துக்கு மேல் ஒரு நொடி பார்த்ததில்லை. பார்த்தால் அந்த முதல் நாள் ஞாபகம் வரும், தானும் ஒரு நொடி முகத்தைத் திருப்பிக்கொண்ட ஞாபகம். அப்பன்காரனை இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தாளே, அந்த நொடியில் அவனுக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இது யாரும் சொல்லி அவளுக்குத் தெரியவில்லை. தெருவில், காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, தெரிந்துபோய்விட்டது. அவமானமாக இருந்தது, மகள் எதிரில் நிற்கவே கூசியது.

"ஞாயித்துக்கிழமை உக்காருவியா?" என்று மட்டும் கேட்டாள்.

"உக்காருறேன். ஆனா போட்டுக்குவேனான்னு இப்பவே சொல்ல முடியாது. வகுப்புக்கு அது இல்லாமலே போனாலும் போவேன்."

"பிள்ளைங்க கேக்குமே."

"கேக்கட்டும். கேள்வி கேக்குறதுல என்ன இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல், வடக்கு ஜன்னலுக்கு எதிரே வழக்கமாக ஆட்களை உட்கார வைக்கிற நாற்காலியில் மகள் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், கண்ணைக் கழற்றித் தட்டில் வைத்தாள். கண்ணக்காவின் கை பழக்கத்தில் அதை எடுத்து வண்ணக் கிண்ணங்களுக்கு நடுவே நிறுத்தப் போனது. நிறுத்தவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினாள். அது இல்லாமல் மேஜை வெறிச்சென்று இருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே புரியவில்லை. எத்தனையோ பேருக்குச் செய்த கைக்கு, முதல் நாள் வேலைக்கு வந்தவள் மாதிரி ஒரு தயக்கம்.

"எனக்குப் பின்னாடி சுவத்துல கறுப்புப் புள்ளி இருக்கு பாரு, அதைப் பாரு," என்றாள், எல்லாரிடமும் சொல்வது போல.

"மாட்டேன். உன்னைத்தான் பாப்பேன்."

"கிட்டப் பாத்தா கண்மணி சுருங்கும், விரியும். அளவு ஒரு இடத்துல நிக்காதுடி பாப்பா."

"நிக்காட்டிப் போகுது."

கண்ணக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முதலில் குழியைப் பார்த்தாள். அங்கே பயப்பட ஒன்றும் இல்லை. வாயின் உட்புறம் மாதிரி இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. இமை சின்னது, ஆனால் நல்ல அடர்த்தியான ரோமம். இடது கண் இமைக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே இமைத்தது. பிறகு இடது கண்ணுக்கு வந்தாள். அழுகை வந்தது, அதை யாரும் தடுக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது. அதற்கெல்லாம் அடியில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், இதில் என்னவெல்லாம் இருக்கிறது பார்த்துவிடலாம் என்று ஒரு ஆவல் கிளம்பிவிட்டது. பொம்மைக்கு முகம் வரையச் சேர்ந்த காலத்தில் இருந்த ஆவல்.

"என்ன தெரியுது?" என்றாள் மகள்.

"ஓரத்துல ஒரு வளையம். கறுப்புன்னு நினைச்சேன், கறுப்பு இல்லை, சாம்பலும் நீலமும் கலந்தது."

"நீலமா? எனக்கா?"

"ஆமா. அதுக்கு உள்ள ஈர மரப்பட்டை நிறம். கீழ் பக்கம், ஏழு மணி முள் நிக்கிற இடத்துல, துரு மாதிரி ஒரு புள்ளி. இது எப்ப வந்துச்சுன்னே தெரியலைடி எனக்கு."

"எனக்கும் தெரியாது. இன்னும் சொல்லு."

கண்ணக்கா சொல்லிக்கொண்டே போனாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகிற இழைகளை, ஒவ்வொன்றும் எங்கே தடித்து எங்கே பிரிகிறது என்று சொன்னாள். சில நிறங்களுக்குப் பெயர் கிடைக்காமல் அடுப்பு, சாக்கு, பழைய செம்பு என்று வாயில் வந்ததைச் சொன்னாள். மகள் சிரித்தாள், சிரிக்கையில் கண்மணி ஆடியது, மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் போடுவதற்கு எழுந்தால் பார்வை விலகிவிடும் என்று கண்ணக்கா எழுந்திருக்கவில்லை. அறை மங்க மங்க மகளின் கண்மணி மெல்ல விரிந்தது. அவள் சொல்லிக்கொண்டிருந்த நிறங்களெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, மெல்லியதொரு வளையமாகி நின்றன. நடுவே கறுப்பு பெரிதாகிக்கொண்டே போனது. தூரிகை இன்னும் நனையாமல் கையில் இருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தாள்.